வாகையடி மேடை

“காட்டுல பாதி மரத்துல இதே காளான்தான் இருக்கு, அம்மா. அதெல்லாம் நல்லாத்தான் நிக்குது. என் வாகை மட்டும் ஏன் சாகணும்?”

கேட்டவர் தில்லைநாயகம். வயது அறுபத்து மூன்று. அவருடைய குரு, மடத்துத் தலைவி செங்கமலத்தம்மைக்கு நாற்பதுகூட ஆகவில்லை. மகள் வயதுக்காரியிடம் போய் உபதேசமா என்று ஊரில் சிரித்தார்கள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பதினெட்டு வருஷத்துக்கு முன்பு, மனைவி பங்கயத்தின் சாம்பலை மடத்து வாசலில் புதைத்து, அதன்மேல் அந்த வாகைக் கன்றை நட்டார்.

கண்ணுக்குள் வைத்து வளர்த்தார். சாம்பல்மீது யார் காலும் பட்டுவிடக் கூடாது என்று மரத்தைச் சுற்றிச் சிமெண்டு மேடை கட்டினார். ஒரு கிளை காய்ந்தால் அன்றைக்கே வெட்டினார், பக்கத்துப் பச்சைக் கிளையையும் சேர்த்து. சருகுக்கு அங்கே ஒரு ராத்திரி தங்கக்கூட அனுமதி இல்லை.

இப்போது அடிமரத்தில் தோசைக்கல் அகலத்துக்குக் காளான். தட்டினால் உள்ளே வெற்றோசை. மழைக்கு முன்னால் வெட்டிவிடுவது என்று மடத்தில் முடிவாகிவிட்டது. பங்கயத்தை இரண்டாம் தடவை பறிகொடுக்கத் தெம்பில்லை என்று தில்லைநாயகம் அழுதார்.

அம்மை அவரைக் காட்டுக்குள் கூட்டிப்போனார்.

அங்கே ஒரு கிழட்டு மரம். அடியில் அதே காளான். வயிற்றில் ஆள் நுழையும் பொந்து. பக்கத்து மரங்களின்மேல் சாய்ந்தபடி உச்சியில் தளிர்த்திருந்தது. கணுக்கால் புதையச் சருகு. விழுந்து கிடந்த கிளைகளிலும் காளான்தான்.

“இங்க அது எதைத் தின்னுது?”

தில்லைநாயகம் குனிந்து பார்த்தார். உளுத்த கட்டை கையோடு மண்ணாக வந்தது.

“செத்ததை.”

“பொந்துக்குள்ள?”

“அதுவும் செத்த கட்டைதான். பட்டையோரம் உயிர் இருக்கு.”

“உங்க மரத்துல?”

அவர் கையிலிருந்த மண்ணை உதறினார்.

“செத்த எதையும் நீங்க அங்க விட்டுவைக்கலையே. வெட்டி வெட்டிக் காளானுக்கு வாசலைத் திறந்தீங்க. மேடையைக் கட்டி வேரை மூச்சுவிட விடல. வந்தது உயிரைத்தானே தின்னும்?”

தில்லைநாயகம் சருகிலேயே உட்கார்ந்துவிட்டார். பங்கயம் வேண்டும் போலிருந்தது. மரம் வேண்டாம், மேடை வேண்டாம், அவள் வேண்டும்.

சருகை ஒரு பிடி அள்ளியபடி கேட்டார். “மேடையை உடைச்சா பிழைக்குமா?”

“தெரியாது.”

“அவ மேல கண்டவங்க காலும் படுமே, அம்மா.”

“பதினெட்டு வருஷமா உங்க கைகூடப் படலையே.”