குரல் பாறையும் கரடியின் குகையும்

மேகம் உரசிப் போகும் ஒரு மலைக்காட்டில் பெரிய பாறை ஒன்று இருந்தது. அதன்மேல் நின்று யார் கூப்பிட்டாலும், அந்தக் குரல் பள்ளத்தாக்கில் இறங்கி, எதிர்மலையில் ஏறி, காடு முழுவதும் கேட்கும். சின்னஞ்சிறு தேன்சிட்டு கூவினால்கூட யானை பிளிறியது போல இருக்கும். அதற்குக் குரல் பாறை என்று பெயர்.

எங்கே தண்ணீர் இருக்கிறது, எந்த அத்திமரம் பழுத்திருக்கிறது என்று அங்கே நின்று கேட்டால், எங்கிருந்தோ யாராவது வந்து பதில் சொல்வார்கள். பொன்னலகன் என்ற இருவாச்சிப் பறவைக்கு அந்தப் பாறையைப் பார்க்கும்போதெல்லாம் இறகு சிலிர்க்கும். 'இவ்வளவு பெரிய காட்டை ஒரே வீடாக்கிவிட்டதே' என்று வியந்துபோவான்.

ஒருநாள் நரி ஒன்று அந்தப் பாறையில் ஏறி, தாய்மானின் குரலில் கூப்பிட்டது. நம்பி ஓடிவந்த மான்குட்டி திரும்பிப் போகவில்லை.

காடே நடுங்கியது. "இனி நான் காவல் இருக்கிறேன்" என்று கருங்கம்பளி என்ற கரடி முன்வந்தது. அது நேர்மையான கரடி. முகத்தைப் பார்த்து, குரலைக் கேட்டு, பிறகுதான் பாறையில் ஏறவிட்டது. எல்லாருக்கும் நிம்மதி.

நாளாக ஆக, கரடிக்கு அது போதவில்லை. "உன் உடம்பிலிருந்து ஒரு கொத்து முடி கொடு" என்றது. "எந்தப் புதரில் தூங்குகிறாய்? வீட்டில் குட்டிகள் உண்டா?" என்றும் கேட்டது. முயல் சொன்னது. மான் சொன்னது. வாங்கிய முடியையெல்லாம் கரடி தன் குகையில், யார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியும்படி அந்தந்தப் புதரின் தழையில் சுற்றி அடுக்கிவைத்தது.

அந்தக் கோடையில், எந்த மரம் பழுத்திருக்கிறது என்று கேட்கப் பொன்னலகனும் பாறைக்கு வந்தான்.

"ஓர் இறகு கொடு. கூடு எந்த மரத்தில்?" என்றது கரடி.

"என் முகம் தெரிகிறது, குரல் தெரிகிறது. கூடு எதற்குக் கரடியாரே?"

"தப்புச் செய்கிறவர்கள்தான் மறைப்பார்கள்."

"என் மனைவி மரப்பொந்துக்குள் இருந்துகொண்டு, வாசலைச் சேற்றால் பூசி, என் அலகு நுழையும் அளவுக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறாள். அவள் என்ன தப்புச் செய்தாள்? உள்ளே குஞ்சு இருக்கிறது, அவ்வளவுதான்."

கரடி கொஞ்சம் யோசித்தது. "எல்லாருக்கும் ஒரே விதி. சொல்லாவிட்டால் பாறையில் இடமில்லை."

பொன்னலகன் பறந்து போனான். பழமரத்தைத் தானே தேடித் தேடி அலைந்தான். அன்று கிடைத்தது கொஞ்சம்தான். பொந்தின் இடுக்கு வழியே ஊட்டியபோது மனைவி கேட்டாள்.

"ஏன், பழம் குறைவாக இருக்கிறதே?"

நடந்ததைச் சொன்னான். "பேசாமல் சொல்லிவிடட்டுமா? குஞ்சு பசியில் கத்துகிறதே."

அவள் இருந்த பழத்தைக் குஞ்சின் வாயில் வைத்தாள். பிறகு அவள் சொன்னாள்: "கரடி நல்லவர்தான். ஆனால் அவர் குகைக்குக் கதவு கிடையாதே. நாம் அரை வயிறு சாப்பிட்டுக்கொள்வோம்."

ஒரு நண்பகலில் கரடி இலுப்பைப் பூ தின்னப் போயிருந்தது. வானத்தில் பறந்துகொண்டிருந்த பொன்னலகன் கீழே பார்த்தான். குகைக்குள்ளிருந்து சிறுத்தை வெளியே வந்தது. அதன் மீசையில் மான்முடி ஒட்டியிருந்தது.

வழக்கமாகச் சிறுத்தை பதுங்கும், மோப்பம் பிடிக்கும், வழி தவறும். இன்று அப்படியில்லை. தன் வீட்டுக்குப் போவது போல நேராக நடந்தது. அந்தப் பக்கம்தான் வெண்புள்ளி என்ற பெண்மான் புதிதாய்ப் பிறந்த குட்டியோடு படுத்திருந்தது.

பொன்னலகன் சிறகை மடக்கிக் கல் விழுவது போல இறங்கி, யாரையும் கேட்காமல், குரல் பாறையில் உட்கார்ந்தான்.

"வெண்புள்ளி, எழுந்து ஓடு! சிறுத்தைக்கு உங்கள் எல்லார் வீடும் தெரிந்துவிட்டது!"

அந்தக் குரல் பள்ளத்தாக்கை நிறைத்தது. எதிர்மலை அதை வாங்கித் திருப்பி அனுப்பியது. அதற்கு அப்பாலிருந்த மலையும் அனுப்பியது. இலைகள் அதிர்ந்தன. ஆற்றங்கரையில் யானைகள் துதிக்கையைத் தூக்கின. கத்திய பொன்னலகனே மூச்சடைத்து உட்கார்ந்திருந்தான். தன் தொண்டையிலிருந்து வந்தது இதுதானா என்று அவனுக்கே நம்ப முடியவில்லை.

சிறுத்தை புதருக்குள் பாய்ந்தபோது அங்கே சூடான புல் மட்டும் இருந்தது.

கரடி மூச்சிரைக்க ஓடிவந்தது. குகையில் தழைகள் கிழிந்து, முடிகள் சிதறிக் கிடந்தன. "உங்களைக் காப்பாற்றத்தானே சேர்த்துவைத்தேன்" என்று தழுதழுத்தது. "இதோ, எல்லாவற்றையும் ஆற்றில் போட்டுவிடுகிறேன்."

வெண்புள்ளி குட்டியை நக்கிக்கொண்டே சொன்னது: "முடியை ஆற்றில் போடலாம். சிறுத்தையின் மூக்கில் ஏறிய வாசனையை எதில் போடுவீர்கள்? எங்கள் புதர்கள் அதற்குத் தெரியும்."

கரடி தலையைக் குனிந்துகொண்டது.

அன்று பொழுது சாயும் முன் காடே இடம் பெயர்ந்தது. முயல்கள், முள்ளம்பன்றிகள், குட்டியை வயிற்றோடு அணைத்த குரங்குகள், மான்கூட்டம் என்று மலைச்சரிவு முழுவதும் உயிர்கள் ஏறிக்கொண்டிருந்தன. தங்கள் வாசனை படாத புது இடத்தை அவை தேடிப் போயின. காலடி ஓசையைத் தவிர வேறு சத்தமே இல்லை. கரடி கடைசியில் நடந்தது, நடக்க முடியாத கிழட்டு ஆமையை முதுகில் சுமந்துகொண்டு.

"எங்கே குடியிருக்கப் போகிறாய்?" என்று கரடி யாரிடமும் கேட்கவில்லை.

யாருக்கும் தெரியாத தன் பொந்து மரத்தின் உச்சியில் உட்கார்ந்து, அந்த நீண்ட வரிசை மேகத்துக்குள் நுழைந்து மறையும்வரை பொன்னலகன் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

நீதி: ஆளை அறியத் தேவையானதை மட்டும் கேட்பதே காவல்; அதற்கு மேல் கேட்டுச் சேர்த்துவைப்பது, காப்பவன் நல்லவனே ஆனாலும், திருடனுக்கு வழிகாட்டும்.