அரண்மனை மடைப்பள்ளியில் தூண்டில் இரை

வெகு காலத்துக்கு முன்னே, கோடைமங்கலம் என்ற நாட்டைக் கொற்றவேலன் என்றொரு அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் தான் போட்ட உத்தரவை மாலையில் கேட்டால், "எந்த மடையன் போட்டது?" என்று சீறுவான். அந்த வருஷம் அவனுக்குத் தூண்டில் பைத்தியம் பிடித்திருந்தது. அரண்மனைக் குளத்தில் ஒரு கிழட்டுக் கெண்டை இருந்தது. அரசன் தினமும் தூண்டில் போடுவான். அது கரையோரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும்.

தூண்டிலில் என்ன இரை தெரியுமா? நெய் சொட்டும் திரட்டுப்பால்! "அரண்மனை மீனுக்கு அரண்மனைப் பலகாரம்" என்று யோசனை சொன்னவர் வீழிநாதர். அரசன் உண்பதை எல்லாம் முதலில் தின்றுபார்த்து அனுப்புவது அவர் உத்தியோகம். எதற்கெடுத்தாலும் அரசன் மந்திரி சேந்தனாரைக் கூப்பிடுவது அவருக்கு அடிவயிற்றில் எரிந்தது.

அன்றைக்கும் கெண்டை ஏமாற்றிவிட்டது. பக்கத்தில் நின்ற சேந்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன சிரிப்பு, மந்திரியாரே?"

"மன்னிக்க வேண்டும், அரசே. திரட்டுப்பால் தண்ணீரில் கரைந்துபோகிறது. கெண்டை இரையைத் தின்னவில்லை, குடிக்கிறது."

அரசன் முகம் சிவந்தது. "அப்படியானால் நீரே இரை செய்யும்! நாளை மதியத்துக்குள் அந்தக் கெண்டை என் தூண்டிலில் துள்ள வேண்டும். இல்லாவிட்டால் பதவியை விட்டுவிட்டு எல்லையைத் தாண்டிப் போய்விடும்!"

சேந்தனார் திகைத்துப்போனார். ஒரு சிரிப்புக்கு நாடு கடத்தலா? அதற்குள் வீழிநாதர் குரல் தேனாக விழுந்தது.

"அரசர் திருக்கை படும் பண்டம் இது. அரண்மனை மடைப்பள்ளியில்தான் செய்ய வேண்டும். அதுதானே நம் வழக்கம்?"

"ஆமாம், ஆமாம்! மடைப்பள்ளியில்தான்!" என்றான் அரசன்.

மடைப்பள்ளிச் சாவி வீழிநாதர் இடுப்பில்தான் தொங்கியது.

சேந்தனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்தார். எள்ளுப் புண்ணாக்கை இடித்தார். பழைய சோற்றைப் பிசைந்தார். கனிந்து கறுத்த வாழைப்பழம், வெல்லம், கருவாட்டுத் தூள், ஒரு கட்டிப் பெருங்காயம் எல்லாம் ஒரே சட்டியில் போயின. தலைமைச் சமையல்காரி ஆவுடையம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயா, இந்தச் சட்டியில்தான் பாயசம் வைப்போம்! இந்த நாற்றம் இனி எந்தப் பிறவியில் போகும்?"

"நாற்றம்தானம்மா மீனுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது" என்றார் சேந்தனார். மாவு இரவு முழுக்கப் புளித்தால் இன்னும் நல்லது. சட்டியை மூடி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

விடிந்ததும் வந்து மூடியைத் திறந்தவர் குனிந்து உற்றுப் பார்த்தார். வெல்லம் போட்ட மாவு. நேற்றுப் பக்கத்தில் சிந்திய துளியில் எறும்பு மொய்க்கிறது. சட்டிக்குள்ளோ ஓர் எறும்புகூட இல்லை! ஏறிய நாலைந்தும் விளிம்பிலேயே செத்துக் கிடந்தன. பூட்டிய அறை. சாவி ஒருவரிடம். மீன் தப்புவது இருக்கட்டும், பாவி, சோறு பொங்கும் இடத்திலா இந்த வேலை?

ஆவுடையம்மாளைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். உள்ளே இருவரும் என்ன செய்தார்கள் என்பது சற்று நேரத்தில் தெரிந்துவிடும். பிறகு அரசனுக்கு ஆள் போனது.

அரசன் தூண்டிலோடு மடைப்பள்ளி வாசலுக்கே வந்துவிட்டான். சபையோர் பின்னால் வந்தார்கள். சேந்தனார் தட்டில் உருண்டைகளோடு வாசற்படிக்கு உள்ளேயே நின்றுகொண்டார்.

"ஏன் நின்றுவிட்டீர்?"

"வீழிநாதருக்காக நிற்கிறேன், அரசே. அவர் வாயில் படாமல் எந்தப் பண்டம் இந்தப் படியைத் தாண்டியிருக்கிறது? அதுவும் நம் வழக்கம்தானே?"

வீழிநாதர் முகத்தில் ரத்தமே இல்லை. "நான்... மீன் தீனியைத் தின்பதா?"

"நேற்று அரசர் திருக்கை படும் பண்டம் என்றீரே!"

அரசனுக்கு இது வேடிக்கையாகிவிட்டது. "தின்னும் ஐயா!"

வீழிநாதர் ஓர் உருண்டையை எடுத்தார். வாய்வரை கொண்டுபோனார். கை அங்கேயே நின்றுவிட்டது.

"சீ, ஓர் உருண்டைக்கு இவ்வளவு பயமா? நானே தின்று காட்டுகிறேன்!" என்று அரசன் ஒன்றை எடுத்து வாயைத் திறந்தான்.

"வேண்டாம் அரசே!" என்று வீழிநாதர் அலறினார். "அதில் ஊமத்தை விதை அரைத்துப் போட்டிருக்கிறது!"

அரசன் கையிலிருந்த உருண்டை கீழே உருண்டது. சேந்தனார் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து நிதானமாக மென்று விழுங்கினார். ஆவுடையம்மாள் குமட்டலை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நேற்று நான் பிசைந்த மாவில் இருந்தது. அதைக் காலையிலேயே குழி தோண்டிப் புதைத்தாயிற்று. இது புதுச் சட்டியில் பிசைந்த புது மாவு. போட்டது யார் என்று எனக்குத் தெரியும். அரசருக்குத் தெரிய வேண்டியிருந்தது."

அரசன் கை தானாகத் தன் தொண்டைக்குப் போனது. "என் வாய்க்குக் காவலிருந்த ஆள்... நீரா ஊமத்தையை மடைப்பள்ளிக்குள் கொண்டுவந்தீர்?" என்றான். அவன் குரல் இவ்வளவு மெதுவாக ஒலித்து யாரும் கேட்டதில்லை. வீழிநாதர் காலில் விழுந்தார். பயனில்லை. மந்திரிக்கு விதித்த எல்லையை அவர் அன்றைக்கே தாண்டினார்.

மதியத்துக்குள் கெண்டை கரையில் துள்ளியது. அரசன் தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரி கழுத்தில் போட்டான். கெண்டை குழம்பில் கொதிக்கையில் மடைப்பள்ளிக்கே வந்து உட்கார்ந்துவிட்டான்.

"இனி எனக்குத் தின்றுபார்க்க ஆள் வேண்டாம். அடுப்படியிலேயே உட்கார்ந்து உண்பேன். அம்மா, மீன் குழம்பைக் கொண்டுவா!"

ஆவுடையம்மாள் அடுப்பிலிருந்து இறக்கிய கையோடு இலையில் ஊற்றினாள். அரசன் அள்ளி வாயில் போட்டான். மறுகணம் துள்ளி எழுந்தான். கண்ணில் நீர், நாக்கு வெளியே.

"ஐயோ, நாக்கு எரிகிறதே! இதில் என்ன கலந்தீர்கள்?"

பிறந்த நாள் முதலாக எல்லாச் சோறும் பிறர் வாய்க்குப் போய் ஆறிய பிறகே அவனிடம் வந்திருக்கிறது என்பது அப்போதுதான் சேந்தனாருக்கு உறைத்தது. சிரிப்பு வந்தது. இந்தமுறை அடக்கிக்கொண்டார்.

"ஒன்றும் கலக்கவில்லை, அரசே. சூடாக இருக்கிறது. ஊதிச் சாப்பிடுங்கள்."