ஆயிரத்தொன்பதாவது இலை

"ஆயிரத்தெட்டு இலை போடுகிறவளுக்கு இன்னும் ஒரே ஒரு இலை போட்டால் கை முறிந்துவிடுமா?" என்று சபை நடுவே கத்தினார் மந்திரி வல்லபராயர்.

இது நடந்தது ஏழாற்றூரை மகுடவர்மன் ஆண்ட காலத்தில். காலையில் ஓர் உத்தரவு, மாலையில் அதற்கே தடை என்று ஆண்ட மகானுபாவன் அவன். போன வருஷப் பட்டாபிஷேக விருந்தில் ஒரு வரிசை குட்டையாகப் போய், அங்கே மட்டும் பாயசம் முதலில் பரிமாறி முடிந்தது. அதற்காக இரண்டு சிற்றரசர்கள் ஒருவர் தலைப்பாகையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். "இனி எல்லா வரிசையிலும் இலைகள் சமம். தவறினால் மடைப்பள்ளித் தலைமை போச்சு!" என்றுவிட்டான் ராஜா.

மடைப்பள்ளித் தலைவி செண்பகவடிவு அசரவில்லை. அழைப்பு ஆயிரத்தெட்டு பேருக்கு. தங்கமான எண்! ஏழு, எட்டு, ஒன்பது, எதால் வகுத்தாலும் மிச்சமில்லை. வரிசைக்கு முப்பத்தாறாக இருபத்தெட்டு வரிசை என்று கோலமாவில் கோடும் கிழித்துவிட்டாள்.

விருந்தன்று காலை ராயர் தம் மைத்துனனையும் பட்டியலின் கடைசியில் செருகினார். தலைமைப் பதவியை அவனுக்கு வாங்கித் தரத்தான் இத்தனை பாசம்.

வடிவு கோலமாவை எடுத்துத் தரையில் கணக்குப் போட்டாள். ஆயிரத்தொன்பதை இரண்டிலிருந்து முப்பத்தொன்று வரை ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்தாள். எல்லாவற்றிலும் மிச்சம்; முப்பத்திரண்டை முப்பத்திரண்டால் பெருக்கினாலே ஆயிரத்தொன்பதைத் தாண்டிவிடும், அதற்கு மேல் பார்க்கத் தேவையில்லை.

"மன்னா, இது பகா எண். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதாலும் வகுபடாது" என்றாள் சபைக்கு வந்து.

"அப்படியானால் தோற்றாய்!" என்று ராயர் துள்ளினார். "பதவியைக் கொடு!"

"பொறுங்கள் ராயரே. ஒன்றால் வகுபடும் என்றேனே, காதில் விழவில்லையா? ஒரே வரிசை. அதைவிடக் குட்டை வரிசை எங்கே இருக்கிறது, காட்டுங்கள்."

ராஜா தொடையைத் தட்டிச் சிரித்தான். "ஒரே வரிசைக்கு இடம்?"

"கூடத்தில் ஆரம்பித்து, முற்றம் தாண்டி, யானைக் கொட்டிலைச் சுற்றி, குளத்துப் படித்துறை வரை, மகாராஜா. பட்டியல் வரிசைப்படி உட்கார வேண்டியது. கடைசிப் பெயர் யாருடையதோ, அவர் படித்துறையில்."

மைத்துனன் ராயரைப் பார்த்தான். ராயர் தூணைப் பார்த்தார்.

"பாவம், அவன் தனியாக எப்படிச் சாப்பிடுவான்?" என்றான் ராஜா. "ராயரே, நீரும் பக்கத்து இலைக்குப் போம். வடிவு, ஆயுள் முழுக்க மடைப்பள்ளி உன்னுடையது. வேறென்ன வேண்டும்?"

"நான் எண்ணி முடித்த பட்டியலில் யாரும் கை வைக்கக் கூடாது."

"உத்தரவு!"

கூடத்தில் இரண்டாம் முறை பாயசம் ஊற்றியபோது, பரிமாறுகிறவர்கள் யானைக் கொட்டிலைக்கூடத் தாண்டவில்லை. அதற்கும் அப்பால், குளத்துப் பக்கமிருந்து தேய்ந்துபோன குரல் ஒன்று வந்தது.

"அம்மா வடிவு... இங்கே ஒரு கரண்டி குழம்பு!"