கையை விடாத வாத்தியார்

ஏ, ரெண்டு பேரும் போர்வைய இழுக்காம படுத்தாத்தான் சொல்லுவேன். ம் கொட்டணும். கொட்டலேன்னா நான் பாட்டுக்குத் தூங்கிருவேன், ஆமா.

ஒரு ஊர்ல, ஆத்தங்கரை ஊருன்னு வச்சுக்கோ, ஆவுடையப்பன்னு ஒரு வாத்தியாரு இருந்தாராம். அப்போ ஏது சிலேட்டு, ஏது நோட்டு? ஆத்து மணல அள்ளிட்டு வந்து மரத்தடியில பரப்பி, அதுலதான் சின்னப் பிள்ளைக விரலால எழுதும். புதுசா வந்த பிள்ளைக்குப் பின்னால வாத்தியாரு உக்காந்து, அது விரலைப் பிடிச்சு எழுத வைப்பாரு. அது எல்லா ஊர்லயும் உள்ளதுதான். மத்த வாத்தியாருக கொஞ்ச நாள்ல கையை விட்டுருவாங்க, பிள்ளை தானா தட்டுத் தடுமாறி எழுதும். நம்ம ஆவுடையப்பரு மட்டும் விடவே மாட்டாரு.

ஏன் விடமாட்டாரு? அந்த நாட்டு ராசாவுக்கு எழுத்து அழகா இருக்கணும். எந்தப் பள்ளிக்கூடத்து மணல்ல எழுத்து முத்து முத்தா இருக்கோ, அந்த வாத்தியாருக்குப் பல்லக்கு, நானே நேர்ல வந்து பாப்பேன்னு சொல்லியிருந்தாராம். மனுசனுக்கு அதுக்கப்புறம் சாப்பிடும்போதும் பல்லக்கு, குளிக்கும்போதும் பல்லக்கு, தலை சீவும்போதும் பல்லக்கு. சீவ முடியே கெடையாது, அது வேற சங்கதி. என்ன சிரிப்பு? கேளு.

அப்புறம், அந்தப் பள்ளிக்கூடத்துல மாடத்தின்னு ஒரு பொட்டப் பிள்ளை. அவ அம்மா ஆடு மேய்க்கிறவ. மாடத்திக்கு விரலைப் பிடிச்சா பிடிக்காது, வெடுக்குன்னு உருவிக்கிடுவா. ஒருநா வாத்தியாரு அந்தப் பக்கம் திரும்பியிருக்கும்போது அவளா ஒரு ஆனா போட்டா. அது கொஞ்சம் சாஞ்சு கெடந்துச்சு. வாத்தியாரு வந்து பாத்தாரு, "என்னட்டி இது, கோணக்காலு?"ன்னு உள்ளங்கையால அழிச்சுட்டாரு. மறுநா ஆவன்னா போட்டா. அதையும் அழிச்சாரு. அதுக்கு மறுநா என்ன செஞ்சா தெரியுமா? ஆவன்னா போட்டா, பக்கத்துல டு போட்டா, ரெண்டையும் உத்து உத்துப் பாத்தா, வாய்க்குள்ள சொல்லிச் சொல்லிப் பாத்தா, அப்புறம் துள்ளிக் குதிச்சு எந்திரிச்சுட்டா.

"ஐயா, ஐயா! இங்க வந்து பாருங்க, மணல்ல ஆடு வந்துட்டு!"

அடேயப்பா, ஒரு பிள்ளைக்கு எழுத்து புரிபடுற நேரம் இருக்கே, அது ஒரு தடவைதான் வரும். அந்த நேரத்துல பக்கத்துல இருக்கக் குடுத்து வச்சிருக்கணும். அந்தச் சண்டாளன் என்ன செஞ்சான்? "ராசா வர்ற நேரத்துல ஆடாம் மாடாம்! எழுத்தைப் பாரு, நொண்டி!"ன்னு காலால அழிச்சுட்டான். இவ்வளவு நேரம் மரியாதையாச் சொன்னேன், இந்த இடத்துல எனக்கு மரியாதை வராது.

பிள்ளை முகம் சுண்டிப் போச்சு. "நாளைக்கு வராத, நீ ஆடே மேச்சுக்கோ"ன்னும் சொல்லிட்டாரு. அவ அம்மா ஓடி வந்து, "ஐயா, வீட்டு வாசலெல்லாம் எழுதிக்கிட்டே கெடக்கும்யா எம் பிள்ளை, தள்ளிராதீங்க"ன்னு கும்பிட்டா. "பல்லக்கு வந்த பெறகு பாப்போம், போ"ன்னுட்டாரு.

அப்புறம் ராசா வந்தாரு. குதிரை வந்துச்சு, கொடி வந்துச்சு, பின்னாலயே காலிப் பல்லக்கும் வந்துச்சு. மணல் பூரா எழுத்து, கோலம் போட்டாப்ல அப்படி ஒரு அழகு. ராசாவுக்குச் சந்தோசம் தாங்கல. "ஓய் வாத்தியாரே, எங்க, நம்ம கண்ணு முன்னால எழுதச் சொல்லும்"ன்னாரு. வாத்தியாரு ஓடிப் போயி ஒரு பிள்ளை விரலைப் பிடிச்சாரு.

"கையை விடும் ஓய்."

"விட்டாக் கோணிரும் மகராசா."

"கோணட்டும். விடும்."

விட்டாரு. அந்தப் பிள்ளை மணலையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. அடுத்த பிள்ளைய எழுதச் சொன்னாரு, அது பேன்னு முழிச்சுச்சு. அதுக்கடுத்த பிள்ளை, பாவம், ஆள்காட்டி விரலை ராசா பக்கமா நீட்டிக்கிட்டு நின்னுச்சு. யாராச்சும் பிடிப்பாங்கன்னு.

ராசாவுக்கு முகம் கறுத்துப் போச்சு. "இந்த ஊர்ல ஒரு பிள்ளைக்குக் கூடவா எழுதத் தெரியாது?"

பிள்ளைகளுக்குப் பொய் சொல்லத் தெரியாதுல்லா? "மாடத்திக்குத் தெரியும்!"னு கத்திட்டுக. ஆள் போயி கூட்டிட்டு வந்தாங்க. தலையெல்லாம் வேலிமுள்ளு, கையில ஆட்டுக்குத் தழை இழுக்குற தொரட்டி. "எழுது தாயி, ஒனக்குத் தெரிஞ்சதை எழுது"ன்னாரு ராசா. பிள்ளை குத்த வச்சு உக்காந்து விறுவிறுன்னு எழுதுனா. ராசா குனிஞ்சு பாக்கப் போனாரு, அதுக்குள்ள அவளே உள்ளங்கையால அழிச்சுட்டா. இன்னொருக்க எழுதச் சொன்னாரு. எழுதுனா, அழிச்சா. இன்னொருக்க. எழுதுனா, அழிச்சா.

"ஏன் தாயி அழிக்க?"

"ஐயா அழிப்பாருங்க. நானே அழிச்சுட்டா அழுக வராது."

ராசா பல்லக்கு மேல ஏறி அவரே உக்காந்துக்கிட்டாரு. "ஓய், ஒம்ம தலைய வாங்கி எனக்கு என்ன ஆகப் போவுது? இந்தப் பிள்ளை ஒரு எழுத்தை அழிக்காம விடுற வரைக்கும் நீர் இந்த மணலை விட்டுப் போகப்படாது. சோறு இங்கயே வரும்"னு சொல்லிட்டுக் கெளம்பிட்டாரு.

வாத்தியாரு என்ன நெனச்சாரு? இது என்ன பிரமாதம், நாளைக்கே முடிஞ்சிரும்னு நெனச்சாரு. பொரிகடலை வாங்கிக் குடுத்தாரு. தின்னா, எழுதுனா, அழிச்சா. அதட்டுனாரு. எழுதுனா, அழிச்சா. கால்ல விழாத குறையாக் கெஞ்சுனாரு. அதுக்கும் அதேதான். பிள்ளை வேணும்னு செய்யல கண்ணு, அந்தக் கை அப்படிப் பழகிட்டு.

அப்பத்தான் அவருக்கு உறைச்சுச்சு. மத்த பிள்ளைகளை விரலைப் பிடிக்காம எழுத விட்டாரு. மணல் பூரா கோணலும் மாணலும். ஒண்ணையும் அழிக்கல. அந்தப் பிள்ளைக எல்லாம் நல்லா வாசிச்சு, எழுதி, பெரிய ஆளாப் போயிட்டுக. மாடத்தி மட்டும் வரவர மணல் பக்கமே வரல. ஆடு மேச்சா, பெரியவளானா, அசலூர்ல கட்டிக் குடுத்துட்டாங்க.

வாத்தியாரு மணல்லயே கெழவனாகிட்டாரு. கண்ணும் போச்சு.

தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்த மாடத்தி ஒருநா அந்தப் பக்கமா வந்தா. "ஐயா, இன்னுமா இங்க உக்காந்திருக்கீக?"

குரலை வச்சுக் கண்டுபிடிச்சுட்டாரு. "தாயி, நான் செஞ்சது பெரும் பாவம். ஒன் கண்ணுக்கு ஆடு தெரிஞ்சுது, என் கண்ணுக்குப் பல்லக்குத்தான் தெரிஞ்சுது. ராசா சொன்னதுக்காக ஒண்ணும் எழுத வேண்டாம். ஒனக்குத் தோணுனா எழுது, இல்லேன்னா நல்லபடியாப் பெத்துப் பொழைச்சு இரு."

அவ வயித்தைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா உக்காந்தா. மணல்ல விரல் போற சத்தம் அவருக்குக் கேட்டுச்சு. அப்புறம் எந்திரிச்சுப் போயிட்டா. அழிக்கிற சத்தம் கேக்கல.

"என்ன எழுதுன தாயி?"ன்னாரு. அவ போயிட்டா. பக்கத்துல ஒருத்தரும் இல்ல. ஆசை தாங்காம, தடவிப் பாப்போம்னு கையை நீட்டுனாரு. நீட்டுன கை அப்படியே நின்னுட்டு. தொட்டா அழிஞ்சுரும்லா? கையை இழுத்து மடியில வச்சுக்கிட்டாரு. ராசா சொன்ன கெடு முடிஞ்சுது, எந்திரிச்சு வீட்டுக்குப் போயிருக்கலாம். போகல. கோழி மிதிச்சுரும், காத்து அடிச்சுரும்னு காத்து வர்ற பக்கமா முதுகைக் குடுத்து உக்காந்திருந்தாரு. அழுதாரு, அந்தக் கண்ணீரு கூட எழுத்து மேல விழுந்துரக் கூடாதுன்னு மொகத்தைத் திருப்பிக்கிட்டு அழுதாரு.

என்ன எழுதியிருந்தாளா? எனக்கு எப்படித் தெரியும்? அவருக்கே கடைசி வரைக்கும் தெரியல.

அதனால, பிள்ளை எழுதுனது கோணலா இருந்தாலும் அழிக்கப்படாது, கேட்டுக்கிட்டியா? சரி, சொன்னவளுக்கு வாய் வலிக்கி, கேட்டவனுக்குக் கண்ணு சொருகுது, கதை அது வீட்டுக்குப் போயிட்டு. படு.