ரோஜா வீட்டார் சொன்ன பதில்

மகனுக்குப் பார்த்த பெண்களையெல்லாம் நிறம் போதாது, மூக்கு சரியில்லை என்று தட்டிக் கழித்த பண்ணையார் சபாபதி, அதே வாயால் தோட்டக்காரி மாரக்காளிடம் ரோஜாச் செடி கேட்டார்.

"முள்ளே இருக்கக் கூடாது. தினமும் பூக்கணும். தெருக்கோடி வரைக்கும் மணக்கணும். வெள்ளிக்கிழமைக்குள்ள வரலேன்னா நீ வேலைக்கு வர வேண்டாம்."

வெள்ளிக்கிழமை அவள் வெறுங்கையோடு வந்து நின்றாள்.

"செடி எங்கே?"

"நீங்க கேட்ட லட்சணத்தோட ஒண்ணு இருக்குதுங்க. ஆனா செடி வீட்டார் மாப்பிள்ளையைப் பார்க்கணும்னாங்க."

"எந்த மாப்பிள்ளை?"

"நம்ம தோட்டத்து மண்ணுதாங்க. வந்து பார்த்தாங்க. தோண்டினா ஒரு சாணுக்குக் கீழே பாறை. குடிக்கிறது உப்புத் தண்ணி. நீங்க கட்டின மதில் மறைச்சு வெயிலையே பார்த்ததில்லை. இந்த மாப்பிள்ளைக்கா இத்தனை கேட்டீங்கன்னு தாம்பூலத்தைக்கூடத் தொடாம எழுந்து போயிட்டாங்க."

பண்ணையார் மீசையைத் தடவினார். உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது.

"மாரக்கா, பன்னீர் ரோஜா வீட்டுல கேட்டுப் பாரு. முள்ளு இருந்தாலும் அனுசரிச்சுப் போகும். அப்படியே நம்ம பையனுக்கும் ஒரு இடம் விசாரி."