எடை பற்றாத கிடா

அந்தக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் பண்ணையில் மாணவர்களுக்கு ஆளுக்கொரு எருமைக் கிடாக்கன்றைக் கொடுப்பார்கள். இறைச்சிக்கு வளர்ப்பதைக் கையால் செய்தே கற்க வேண்டும். தீவனம் வைப்பதும், சாணி அள்ளுவதும், எடை போடுவதும் அவரவர் பொறுப்பு. உரிய எடை வந்ததும் கிடா வண்டியேறிவிடும்.

இசக்கிமுத்துவுக்குக் கிடைத்தது தாயில்லாக் கன்று. புட்டிப்பால் புகட்டினான். கழிச்சல் கண்டு துவண்டு கிடந்தபோது பக்கத்திலேயே சாக்கு விரித்துப் படுத்தான். எப்படியோ பிழைத்துக்கொண்டது. அதன்பிறகு அவன் செருப்புச் சத்தம் கேட்டாலே எழுந்து நிற்கும்.

வண்டி வந்த அன்று மற்ற கிடாக்களெல்லாம் ஏறிப் போய்விட்டன. இசக்கியுடையது மட்டும் எடை பற்றாமல் கொட்டிலுக்குத் திரும்பியது. கூடப் படிப்பவர்கள் அவனைத் தேற்றினார்கள். அவனும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டான். உள்ளுக்குள் மனசு துள்ளியது.

அன்று சாயங்காலம் பண்ணைக்குப் பொறுப்பான பேராசிரியை தெய்வானை அவனைக் கொட்டிலுக்கு வரச் சொன்னார். கிடாவின் விலாவைத் தடவினார். எலும்பு எலும்பாகக் கையில் தட்டுப்பட்டது. நோய்க்கான அறிகுறி ஒன்றுமில்லை. சுவரைப் பார்த்தார். வாய் எட்டுகிற உயரம்வரை கிடா சுண்ணாம்பை நக்கியே தீர்த்திருந்தது.

“எத்தனை நாளா இப்படி, இசக்கி?”

அவன் மறைக்கவில்லை.

“ரெண்டு மாசமா பாதித் தீவனந்தான் வச்சேன், மேடம். மீதியைப் பக்கத்துத் தொட்டியில கொட்டிருவேன். எடை ஏறலன்னா கொண்டுபோக மாட்டாங்கல்லா?” கொஞ்சம் நிறுத்தி, “இதுன்னா எனக்கு உசுரு, மேடம். அது தப்பா?” என்றான்.

தெய்வானை கிடங்குக்குப் போய் ஒரு வாளி நிறையத் தீவனம் அள்ளி வந்தார். தடுப்புக் கம்பிக்கு வெளியே, கிடாவின் வாய்க்கு எட்டாத இடமாகப் பார்த்து வைத்தார்.

கிடா கம்பிகளுக்கு நடுவே கழுத்தை நீட்டியது. எட்டவில்லை. நாக்கைச் சுழற்றியது. இன்னும் முட்டித் தள்ளியதில் தோளில் தோல் உரசிச் சிராய்ந்தது. பிறகு இசக்கியைப் பார்த்துக் கத்தியது. பதிலுக்குக் குரல் கொடுக்க அந்தக் கொட்டிலில் வேறு கிடா இல்லை.

“கொஞ்சம் கிட்டத் தள்ளி வைங்க, மேடம்.”

“வைக்கலாம். தின்னா எடை ஏறும்.”

அவன் வாளியையே பார்த்தான்.

“அடுத்த மாசம் வண்டி வரும். ஏத்திருவாங்க.”

கிடா மறுபடியும் கத்தியது. இப்போது குரல் இறங்கியிருந்தது.

“நீயே சொல்லு. வைக்கவா, வேண்டாமா?”

இசக்கி வாளியை வெடுக்கென்று தூக்கித் தொட்டியில் கவிழ்த்தான். கிடா மூச்சுவிடாமல் தின்றது. அவன் கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவுமில்லை.

“ஊருக்குக் கூட்டிட்டுப் போக விடுவாங்களா, மேடம்?”

“மாட்டாங்க.”

“வேற வழி?”

“இல்ல.”

தொட்டியின் அடியைக் கிடா நக்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

“எப்படியும் போகப்போற உசுரு. இனி இதுக்கு நான் என்னதான் செய்யட்டும், மேடம்?”

தெய்வானை காலி வாளியை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

“தின்னுட்டுத் தாகமா நிக்கும். தண்ணி காட்டு.”