ஞானதுரையின் கடைசிக் கோட்டை

தூத்துக்குடியில் ஒரு குரு இருந்தாள். பெயர் ரொசிட்டா. வயது முப்பத்தொன்று. காவி கட்டியதில்லை, மலையேறித் தவம் செய்ததில்லை. படகுச் சாமான் விற்கும் கடை ஒன்றின் மாடியில் ஆறு கம்ப்யூட்டர்களைப் போட்டு, ‘எட்டுக் கோட்டை’ என்ற பழைய விளையாட்டைச் சொல்லிக்கொடுத்து வந்தாள்.

நாயகன், படை, மந்திரம், டிராகன் எல்லாம் உள்ள விளையாட்டுதான். ஆனால் அவசரம் கிடையாது. முறைவைத்து ஆட வேண்டும். ஒருவர் தன் படைகளை நகர்த்திவிட்டு ‘முறை முடிந்தது’ என்ற பொத்தானை அமுக்கினால்தான் அடுத்தவர் கை வைக்கலாம். அதுவரை அந்த உலகத்தில் ஒரு குதிரைகூட நகராது.

அவளிடம் சேர விண்ணப்பம் எதுவும் இல்லை. ஒரு ஆட்டம் ஆடித் தோற்க வேண்டும். தோற்றவர் சிஷ்யர். அப்படிப் பதினோரு பேர் இருந்தார்கள்.

அவர்களில் மூத்தவர் ஆறுமுகநயினார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி, ஐம்பத்தைந்தில் விருப்ப ஓய்வு வாங்கியவர். ரொசிட்டாவைக் ‘குருவம்மா’ என்று கேலிக்குத்தான் கூப்பிட ஆரம்பித்தார். நாளடைவில் கேலி போய் அழைப்பு மட்டும் தங்கிவிட்டது. அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

ஒரு சனிக்கிழமை காலை நயினார் மாடியேறி வந்தார். கம்ப்யூட்டரைத் தொடவில்லை.

“குருவம்மா, ஒரு சந்தேகம்.”

“கேளுங்க அண்ணாச்சி.”

“ஜெயிக்காம இருக்கதுக்கு வழி இருக்கா?”

பக்கத்துக் கம்ப்யூட்டரில் இருந்த கிளாட்சன் திரும்பினான். வங்கியில் வேலை பார்ப்பவன். “அதுக்கு என்கிட்ட வாங்க அண்ணாச்சி. மூணு வருஷமா நான் அதைத்தான் செஞ்சிட்டிருக்கேன்.”

“நீ சும்மா இருல.”

ரொசிட்டா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். “தோக்கணுமா, ஜெயிக்காம இருக்கணுமா?”

“ரெண்டும் வேண்டாம். அப்படியே நிக்கணும்.”

“யார் கூட ஆட்டம்?”

“ஞானதுரை.”

நயினார் சொன்னார். ஞானதுரை அவரோடு துறைமுகத்தில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவர். இவர் மேலே கிரேனில் இருப்பார். அவர் கீழே நின்று கையைக் காட்டுவார். அந்தக் கை சொன்னபடி இவர் பெட்டியைத் தூக்குவார், இறக்குவார். ஓய்வுக்குப் பிறகு ஞானதுரை மகள் வீட்டோடு கோயம்புத்தூர் போனார். அங்கே போனதிலிருந்து இருவரும் மின்னஞ்சலில் ‘எட்டுக் கோட்டை’ ஆடுகிறார்கள். ஒருவர் முறையை முடித்தால் ஆட்டம் ஒரு கோப்பாக மற்றவருக்குப் போகும். ஞாயிறுதோறும் ஒரு முறை. இரண்டு வருஷமாக ஒரே ஆட்டம்.

போன தை மாதம் ஞானதுரைக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. பேச்சு குழறுகிறது. யாரோடும் போனில் பேசுவதில்லை. ஆட்டம் மட்டும் ஞாயிறு தவறாமல் வந்துகொண்டிருந்தது.

“அவன்கிட்ட இப்ப ஒரு கோட்டைதான் இருக்கு. உள்ள பதினோரு எலும்புக்கூடு, ஒரு கெழட்டு மந்திரவாதி. வாசல்ல என் டிராகன் ரெண்டு நிக்கு.”

“ஒரு முறையில முடிஞ்சிரும்.”

“முடிஞ்சிரும். அப்புறம் அவனுக்கு என்ன இருக்கு? கையும் போச்சு, பேச்சும் போச்சு. இதையும் நான் புடுங்கவா?”

“டிராகனை வேற பக்கம் பறக்க விட்டிர வேண்டியதுதானே?” என்றான் கிளாட்சன்.

“ஒரு தடவை செஞ்சேன். மறு வாரம் ஒரே ஒரு வரி எழுதி அனுப்பினான். ‘என்னைப் பாவம் பாக்கியால?’ திரும்பக் கொண்டாந்து வாசல்லயே நிறுத்திட்டேன். அதோட சரி.”

“எத்தனை நாளாச்சு?” என்றாள் ரொசிட்டா.

“நாலு மாசம்.”

கிளாட்சன் தன் ஆட்டத்தை விட்டுவிட்டு நாற்காலியை இவர் பக்கம் திருப்பினான்.

“நடுவுல அவன் மக போன் பண்ணுச்சு. ‘மாமா, அப்பா கேக்காங்க, இப்ப யார் முறை?’ன்னு. கம்ப்யூட்டர் ரிப்பேர்னு சொல்லிட்டேன்.” நயினார் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டார். “நான் அமுக்காத வரைக்கும் அவன் தோக்கல. சரிதானே குருவம்மா?”

ரொசிட்டா எழுந்தாள். நடு மேசைக் கம்ப்யூட்டரைக் காட்டினாள்.

“உக்காருங்க. ஒரு ஆட்டம் போடுவோம்.”

அந்த மாடியில் ஒரு வழக்கம் உண்டு. இருவர் ஒரே கம்ப்யூட்டரில் ஆடினால், முறை இல்லாதவர் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பி உட்கார வேண்டும். எதிராளி படையை எங்கே நிறுத்துகிறார் என்று பார்க்கக் கூடாது. ‘உங்க முறை’ என்ற குரல் வரும்வரை திரும்பவும் கூடாது. திரும்பினால் ஆட்டம் போயிற்று.

முதல் எட்டு முறைகள் விறுவிறுவென்று போயின. நயினார் கவனமில்லாமல் ஆடினார். ஒன்பதாவது முறையை அமுக்கிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பினார். அப்போது மணி பத்தேகால்.

சுவரில் சுண்ணாம்பு உரிந்திருந்தது. ஒரு ஆணி இருந்தது. ஆணியில் ஒன்றும் தொங்கவில்லை.

குருவம்மா பெரிதாக ஏதோ திட்டம் போடுகிறாள் என்று நினைத்தார். நம்மை அவ்வளவு மதிக்கிறாளே என்று சற்றுப் பெருமையாகவும் இருந்தது.

கிளாட்சன் வெளியே ஒரு வேலை இருக்கிறதென்று கிளம்பிப் போனான். போகும்போது அவர் தோளைத் தட்டிவிட்டு, “சுவர் நல்லாருக்கா அண்ணாச்சி?” என்றான். கீழே கடையில் யாரோ நைலான் கயிற்றை முழம் போட்டு எண்ணினார்கள். பதினேழு வரை கேட்டது.

“குருவம்மா?”

பதில் இல்லை.

“ஆடுதியளா, இல்லையா?”

மவுஸ் சத்தம்கூட இல்லை. நயினாருக்கு எரிச்சல் வந்தது. வயசுக்கு மூத்தவனை இப்படியா உட்கார வைப்பது? எரிச்சல் கொஞ்ச நேரம் துணைக்கு இருந்தது. பிறகு அதுவும் போய்விட்டது. இடுப்பு வலித்தது. தான் ஆடியதில் ஏதோ தப்பு நடந்து அவளுக்குக் கோபமா என்று யோசித்தார். ஒன்பது முறைகளையும் மனதுக்குள் திரும்ப ஆடிப் பார்த்தார். தப்பு ஒன்றும் தெரியவில்லை.

கடைசியில் வேறொன்று தோன்றியது. அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ? மயங்கிச் சாய்ந்து கிடக்கிறாளோ? முதுகுக்குப் பின்னால் மூன்றடி தூரம். தெரிந்துகொள்ள வழியில்லை.

ஆட்டம் போனால் போகிறது என்று நாற்காலியோடு திரும்பினார்.

ரொசிட்டா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மவுஸில் கை வைத்திருந்தாள். அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா, உடம்புக்கு எதுவும் செய்யுதா?”

“ஒண்ணுமில்ல.”

“பின்ன ஏன் சத்தமே காணும்?”

“ஜெயிக்கிற கட்டம் வந்திருச்சு அண்ணாச்சி. அடிச்சா உங்க மனசு கஷ்டப்படுமேன்னு சும்மா இருந்தேன்.”

நயினார் திரையைப் பார்த்தார். அவருடைய கோட்டை வாசலில் அவளுடைய கழுகுப் படை நின்றது. ஒரு தட்டில் முடிந்துவிடும்.

“அதை அடிச்சுத் தொலைக்க வேண்டியதுதானே! ஒண்ணரை மணி நேரமா ஒரு மனுசனைச் சுவத்தைப் பாக்க வச்சு, என்ன ஏதுன்னு தெரியாம, செத்தியா இருக்கியான்னு தெரியாம...”

வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை.

“உங்க முறை, அண்ணாச்சி,” என்றாள் ரொசிட்டா.

திரையில் அது அவள் முறையாகத்தான் இருந்தது.

நயினார் வீட்டுக்குப் போனார். சாப்பிடவில்லை. கம்ப்யூட்டரைத் திறந்தார். நான்கு மாதமாகப் பறந்துகொண்டே நின்ற இரண்டு டிராகன்களும் அதே இடத்தில் சிறகடித்தன. கோட்டை வாசலில் தட்டினார்.

ஞானதுரை கோட்டையைச் சும்மா வைத்திருக்கவில்லை. மந்திரவாதி ஒரு டிராகனை உறைய வைத்தான். பதினோரு எலும்புக்கூடுகளும் மற்றொன்றைச் சூழ்ந்து வெட்டின. நயினார் விட்டுக்கொடுக்காமல் அடித்தார். ஆறாவது சுற்றில் கோபுரத்தில் நீலக் கொடி இறங்கிச் சிவப்புக் கொடி ஏறியது. பொத்தானை அமுக்கினார். கோப்பு கோயம்புத்தூருக்குப் போயிற்று.

ஞாயிறு பதில் இல்லை. திங்களும் இல்லை. செவ்வாயன்று மகளுக்குப் போன் போட எடுத்து, எண்ணைப் பார்த்துவிட்டு வைத்தார். புதனன்று மனைவி, “யாருக்கு என்ன ஆச்சு?” என்று கேட்டாள். “ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல,” என்று கத்தினார். வியாழன் கழிந்தது.

சனிக்கிழமை காலை மாடிப்படியை அவர் ஏறிய வேகத்தில் கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார்.

“குருவம்மா, வந்திருச்சு! நேத்து வந்திருச்சு!”

போனை நீட்டினார். பிறகு பொறுக்காமல் தானே பிடுங்கி வாசித்தார்.

“‘ஏல நயினா, இருக்கியா? நீ செத்துட்டன்னு நெனச்சேன். மககிட்ட கேட்டா கம்ப்யூட்டர் ரிப்பேருங்கா. நாலு மாசம் என்னல ரிப்பேரு? உனக்கும் எனக்கு வந்த மாதிரி வந்து, ஆளுங்க என்கிட்ட மறைக்காங்கன்னு நெனச்சு ராத்தூக்கம் போச்சு. கோட்டை போனா மயிரு போச்சு. சித்திரையிலயே அடுத்த வரைபடம் எடுத்து வச்சிட்டேன். நீ முடிச்சாத்தான அனுப்ப முடியும்? முதல் முறை நான் ஆடிட்டேன். இடது கை, அதான் நாலஞ்சு நாளாச்சு. இனிமே ஒரு ஞாயிறு தவறுச்சு, பஸ் ஏறி வந்து உதைப்பேன்.’”

கிளாட்சன் விசிலடித்தான். “கை விழுந்த மனுசன் பஸ் ஏறி வந்து உதைக்கேங்காரு. நீங்க எங்கள அழ வச்சுக்கிட்டு இருந்திய.”

“நான் எங்கல அழ வச்சேன்?” நயினார் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். வியாழன் வரை நெஞ்சில் கிடந்த பாரம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பசித்தது. கீழே ஆளனுப்பி எல்லோருக்கும் வடை சொன்னார்.

வடை தின்று முடிந்த பிறகு அவர் முகம் கொஞ்சம் மாறியது. நாற்காலியை ரொசிட்டா பக்கம் நகர்த்தினார்.

“ஒண்ணு கேக்கட்டா குருவம்மா? நல்லபடியா முடிஞ்சுது, சரி. ஒருவேளை தாங்காம அவன் ஒடிஞ்சு போயிருந்தா? அவனால தாங்க முடியுமா முடியாதான்னு உங்களுக்கும் தெரியாதுல்ல?”

“தெரியாது.”

“பின்ன எந்தத் தைரியத்துல என் முறைன்னு சொன்னிய?”

ரொசிட்டா கையில் இருந்த எண்ணெயைக் காகிதத்தில் துடைத்தாள்.

“தாங்குறது அவர் முறை அண்ணாச்சி. நீங்க அதையும் சேத்து ஆடப் பாத்திய.”